பத்து சென்டிமீட்டர் வீரனின் உயரம்

பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பிளாஸ்டிக் வீரனை ஸ்கேனரின் கண்ணாடிமேல் குப்புறக் கிடத்திப் படம் பிடிக்கிறார்கள். கணினியில் அவனை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு தெருவின் புகைப்படத்துக்குள் நிறுத்துகிறார்கள். சில படங்களில் அவன் அந்தத் தெருவில் நிற்கும் ஆறடி ஆளாகவே தெரிகிறான். வேறு சில படங்களிலும் அதே பொம்மைதான், அதே தெருதான், அதே மென்பொருள்தான். ஆனாலும் பார்த்த கணத்திலேயே பொம்மை என்று கண் சொல்லிவிடுகிறது. பொம்மையின் தரமே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள்: முகம் சரியாக வார்க்கப்படவில்லை, வண்ணம் பிசகிவிட்டது, மூட்டுகள் துருத்துகின்றன என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு உயரம் என்ற செய்தி அதன் வடிவத்தில் இல்லை, அதைத் தொட்டு வந்த ஒளியில் இருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஸ்கேனர் அந்தச் செய்தியின் பெரும்பகுதியை அழித்துவிடுகிறது. புகைப்படத் திருத்த மென்பொருளில் நடக்கும் வேலை, அழிந்த இடத்தில் வேறொரு உயரத்துக்கான ஒளியை எழுதும் வேலை.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ‘ஜி.ஐ. ஜோ’ வீரனை ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில், கைகால்கள் மடங்கும்படி 21 அசையும் பாகங்களுடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது. 1978இல் கென்னர் நிறுவனம் ‘ஸ்டார் வார்ஸ்’ பாத்திரங்களை 9.5 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கியது. ஆள் சிறிதானால் அவன் ஏறும் விண்கலமும் கடையில் விற்கக்கூடிய அளவில் அடங்கும். மனித உயரத்தில் இந்த 9.5 செ.மீ. சுமார் பதினெட்டில் ஒரு பங்கு. இப்போது 1.8 மீட்டர் உயர ஆளை 3 மீட்டர் தொலைவிலிருந்து படமெடுப்பதாகக் கொள்வோம். அவனுடைய பதினெட்டில் ஒரு பங்கு நகலை, அந்தத் தொலைவிலும் பதினெட்டில் ஒரு பங்கிலிருந்து, அதாவது சுமார் 17 செ.மீ.யிலிருந்து படமெடுத்தால் என்ன கிடைக்கும்? வடிவொத்த முக்கோணங்களைப் பள்ளியில் படித்த எவருக்கும் விடை தெரியும். மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் முதல் பாதத்துக்கும் தலைக்கும் உள்ள விகிதம் வரை எல்லாம் ஒன்றாகவே இருக்கும். கோடுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு படங்களையும் எந்தக் கண்ணாலும் பிரித்தறிய முடியாது.

ஆனால் நடைமுறையில் பிரித்துவிடுகிறோம். காரணம், பொம்மையோடு சேர்ந்து சுருங்க மறுக்கும் நீளங்கள் உலகில் சில இருக்கின்றன. கேமராவின் துளை ஒன்று. ஒளியின் அலைநீளம் இன்னொன்று. பிளாஸ்டிக்குக்குள் ஒளி ஊடுருவிப் பரவும் தூரம், நீர்த்துளியின் பருமன், காற்று மங்கலாகத் தொடங்கும் தொலைவு ஆகியவையும் அப்படித்தான். பொம்மை பதினெட்டு மடங்கு சிறிதானது, இவை பழைய அளவிலேயே நின்றன. அந்த முரண்பாட்டைத்தான் கண் ‘பொம்மை’ என்று படிக்கிறது.

இவற்றில் முதன்மையானது ஃபோகஸ். 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, துளையை எஃப்/8இல் வைத்து, ஓர் ஆள் சட்டகத்தின் உயரம் முழுவதையும் நிரப்புமாறு எடுத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 3 மீட்டர். அவன் முன்னால் நீட்டிய கையும் பின்னால் நிற்கும் சைக்கிளும் அதற்குள் அடங்கிவிடும். அதே கேமராவை அதே அமைப்பில் வைத்து 10 செ.மீ. பொம்மை சட்டகத்தை நிரப்புமாறு எடுத்தால் தெளிவான ஆழம் சுமார் 1 செ.மீ.தான். பதினெட்டில் ஒரு பங்கு என்றால் 16, 17 செ.மீ. கிடைத்திருக்க வேண்டும். மூக்கு தெளிவாக இருக்கும்போதே காது மங்கிவிடுவது இதனால்தான். இதை வேறு விதமாகவும் சொல்லலாம். எஃப்/8இல் அந்த லென்ஸின் துளை 6 மி.மீ. விட்டம் கொண்டது. பொம்மையின் உலகத்தில் அது 11 செ.மீ. அகலமுள்ள கண்பாவை. அவ்வளவு பெரிய கண் பார்த்தால் உலகம் எப்படி மங்குமோ, அப்படித்தான் பொம்மையின் படம் மங்குகிறது.

துளையைச் சுருக்கிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். பதினெட்டில் ஒரு பங்காக, 0.35 மி.மீ.க்குச் சுருக்கிப் பார்ப்போம். இப்போது ஒளியின் அலைநீளம் குறுக்கே நிற்கிறது. பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 0.00055 மி.மீ. குறுகிய துளையில் நுழையும் ஒளி விளிம்பு விளைவால் விரிந்து, ஒவ்வொரு புள்ளியும் ஃபிலிமின்மேல் கால் மி.மீ. அகல வட்டமாகிவிடும். 24 மி.மீ. உயரச் சட்டகத்தில் அப்படிப்பட்ட வட்டங்கள் ஏறத்தாழ நூறுதான் அடங்கும். படம் முழுக்க ஒரே சீரான தெளிவு கிடைக்கும், ஆனால் அந்தத் தெளிவு எதையும் காட்டப் போதாது. சினிமாவில் மினியேச்சர் காட்சிகளை எடுத்தவர்கள் துளையை முடிந்தவரை சுருக்கி, விளக்குகளைக் கூட்டி, ஒவ்வொரு சட்டகத்துக்கும் நீண்ட நேரம் ஒளி கொடுத்ததெல்லாம் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் கிடைத்த குறுகிய இடத்துக்குள்தான்.

மங்கலுக்கு உண்மையிலேயே இவ்வளவு செல்வாக்கு உண்டா என்பதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹெல்ட், எமிலி கூப்பர், ஜேம்ஸ் ஓ’பிரையன், மார்ட்டின் பேங்க்ஸ் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், உயரத்திலிருந்து பார்த்த நகரக் காட்சிகளுக்குக் கணினியில் மங்கலைச் சேர்த்து மக்களிடம் தொலைவைக் கேட்டார்கள். காட்சியின் ஆழத்துக்கு ஏற்ப மங்கல் படிப்படியாகக் கூடியபோது, முழு நகரமும் மேசைமேல் வைத்த மாதிரிபோல மிக அருகில் இருப்பதாகப் பார்வையாளர்கள் மதிப்பிட்டார்கள். இத்தாலியப் புகைப்படக்காரர் ஒலிவோ பார்பியெரி ஹெலிகாப்டரிலிருந்து உண்மையான நகரங்களைச் சாய்வு லென்ஸால் எடுத்துப் பொம்மை நகரங்களாக்கிக் காட்டியதும் இதே விளைவால்தான். உண்மை நகரத்தை மங்கலால் பொம்மையாக்க முடியும் என்றால், மங்கலை நீக்கிப் பொம்மையை உண்மையாக்கவும் வழி இருக்க வேண்டும். ஸ்கேனர் உள்ளே நுழையும் இடம் இது.

வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கும் சமதள ஸ்கேனர்களில் இரண்டு இனம் உண்டு. பழைய, பருமனான இனத்தில் கண்ணாடிக்குக் கீழே ஒரு விளக்கு நகர்கிறது. அதன் ஒளி காகிதத்தில் பட்டுத் திரும்பி, கண்ணாடிகளில் மடங்கி, ஒரு லென்ஸ் வழியாகச் சிறிய சி.சி.டி. உணரியில் விழுகிறது. இந்த உணரியை 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள், 2009இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். மெலிந்த, மலிவான இனத்தில் அப்படி ஒற்றை லென்ஸ் கிடையாது. கண்ணாடிக்கு ஒட்டியபடி நுண்ணிய கண்ணாடித் தண்டுகளின் வரிசையும், அதே அகலத்துக்கு ஓர் உணரி வரிசையும் இருக்கும். இதைச் சி.ஐ.எஸ். என்பார்கள். காகிதத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பொம்மைக்கு அப்படியல்ல. சி.ஐ.எஸ். ஸ்கேனர் கண்ணாடியைத் தொடும் பரப்பை மட்டுமே தெளிவாகக் காணும். பொம்மையின் மூக்கு நுனியும் மார்புக் கவசமும் பளிச்சென்று இருக்க, கண்குழிகளே மங்கிப்போகும். சி.சி.டி. ஸ்கேனரில் கண்ணாடிக்கு மேல் ஒரு செ.மீ. அளவுக்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ தெளிவு நீளும். பத்து செ.மீ. பொம்மையின் முன்பாதி அதற்குள் அடங்கிவிடும். பழைய ஸ்கேனரைத் தூக்கிப் போடாதவர்களுக்கு இந்தக் கலையில் கிடைக்கும் அனுகூலம் இது.

ஸ்கேனர் இன்னொரு விசித்திரமும் செய்கிறது. கேமரா ஒரே புள்ளியிலிருந்து பார்க்கிறது, ஸ்கேனர் நகர்ந்துகொண்டே பார்க்கிறது. அதனால் விளக்கு நகரும் திசையில் தொலைவுக்கேற்பச் சிறுத்தல் என்பதே கிடையாது. முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒரே அளவில் பதியும். குறுக்குத் திசையில், சி.சி.டி. ஸ்கேனரில் மட்டும், லென்ஸ் இருப்பதால் வழக்கமான சிறுத்தல் நிகழும். ஒரே படத்துக்குள் இரண்டு விதிகள். ஆகவே பொம்மையைக் கண்ணாடியின் நடுவில், தலையும் காலும் விளக்கு நகரும் திசையில் அமையும்படி கிடத்த வேண்டும். ஓரத்தில் வைத்தால் அதன் ஒரு பக்க விலா தெரியத் தொடங்கும். இப்படி எடுத்த படம் மிகத் தொலைவிலிருந்து ஜூம் லென்ஸால் எடுத்ததைப் போன்றது. அகலக் கோண லென்ஸில், கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டி எடுத்த தெருவில் அதைக் கொண்டுபோய் வைத்தால் ஒட்டுவது கடினம். தெருவையும் தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்க வேண்டும். இதோடு சேர்ந்தது பாதத்தின் பிரச்சினை. ஸ்கேனர் பொம்மையை நேருக்கு நேராகப் பார்ப்பதால் காலணியின் மேற்பரப்பு தெரியாது. ஆனால் நிற்கும் உயரத்திலிருந்து எடுத்த தெருப்படத்தில் தரை சாய்ந்து விரிகிறது, அங்கே நிற்பவரின் காலணியை நாம் மேலிருந்து சற்றே பார்க்கிறோம். பொம்மையின் காலை ஒரு சிறு அட்டைத் துண்டு வைத்துக் கண்ணாடியிலிருந்து லேசாக உயர்த்தினால் அந்தக் கோணம் வந்துவிடும். உயர்த்திய அளவுக்குக் காலின் தெளிவு குறையும் என்பதால் காலைத் தனியாக இன்னொரு முறை கண்ணாடியோடு ஒட்டி ஸ்கேன் செய்துகொள்வது நல்லது.

ஸ்கேன் செய்த படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கினால் வேறொரு சிக்கல் கண்ணில் படும். அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற அளவில் 10 செ.மீ. பொம்மை ஏறத்தாழ 4,700 பிக்சல் உயரம் வரும். ஒரு பிக்சல் என்பது 0.02 மி.மீ.க்குச் சற்று மேல், தலைமுடியின் பருமனைவிடச் சிறிது. இவ்வளவு நெருக்கத்தில் வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு தொடையோரம் மேடாகத் தெரிகிறது. கண்ணின் கருவிழி, பஞ்சுபோன்ற அச்சுத்திண்டால் ஒற்றிய கறுப்பு வட்டமாக, விளிம்பில் பிசிறு தட்டி நிற்கிறது. இடைவாரின் பழுப்பு வண்ணம் வாரின் ஓரத்தைத் தாண்டிச் சட்டைமேல் வழிந்திருக்கிறது. தோளில் ஒரு தூசு நூலிழை கிடக்கிறது, இந்த அளவில் அது கயிற்றின் தடிமன். உண்மையான ஆளின் இதே அளவுப் படத்தில் ஒரு பிக்சலுக்கு 0.4 மி.மீ. அடங்கும், அங்கே துணியின் நெசவும் தாடியின் முடியும் இருக்கும். பொம்மையில் அந்த இடங்கள் வெறுமையாகவே உள்ளன. துணியின் நெசவு, சுவரின் சொரசொரப்பு, துருவின் புள்ளி ஆகியவற்றைத் தனியே படமெடுத்து மெல்லிய லேயராக மேலே பரப்புவது இந்த வெறுமையை நிரப்பத்தான். பலர் செய்யும் தவறு, முழுத் தெளிவையும் இறுதிவரை காப்பாற்ற நினைப்பது. 4,700 பிக்சலில் வேலை செய்து 1,200 பிக்சலுக்குச் சுருக்கும்போது பிசிறும் தூசும் மறைந்து வடிவம் மட்டும் தங்கும்.

ஆனால் எவ்வளவு சுருக்கினாலும் போகாத ஒன்று இருக்கிறது, அது மெழுகுத் தன்மை. பிளாஸ்டிக்கில் விழும் ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதில்லை. உள்ளே புகுந்து, சிதறி, நுழைந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி வெளியேறுகிறது. மனிதத் தோலிலும் இது நடக்கிறது, பளிங்கிலும் பாலிலும் நடக்கிறது. ஹென்ரிக் ஜென்சனும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் இதைக் கணினி வரைகலைக்குப் பயன்படும் சூத்திரமாக்கிய பிறகுதான் கணினி வரைந்த முகங்கள் சுண்ணாம்புச் சிலை போலத் தெரிவது நின்றது. தோலில் ஒளி பரவும் தூரம் மி.மீ. கணக்கில்தான், ஆளின் மூக்கோடு ஒப்பிட்டால் அது அற்பம். பொம்மையின் பிளாஸ்டிக்கிலும் ஒளி ஒரு மி.மீ. பரவுகிறது என்று வைத்துக்கொண்டால், ஆளின் அளவில் அது 18 மி.மீ. பரவியதற்குச் சமம். மூக்கோரத்து நிழலும் விரலிடுக்கின் இருளும் சட்டை மடிப்பின் கருமையும் உள்ளிருந்து கசியும் ஒளியால் நிரம்பிவிடுகின்றன. மாதிரிப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவர்கள் நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிடுவது ஏன் என்பதற்கு இயற்பியல் விடை இதுவே. மென்பொருளில் அதே வேலையை ‘பர்ன்’ கருவியாலோ, பெருக்கல் முறையில் வைத்த ஒரு லேயரில் மெல்லிய பிரஷாலோ செய்கிறோம். என் கணிப்பில் இந்தக் கலையில் அதிகப் பொறுமை கேட்பதும் அதிகப் பலன் தருவதும் இந்த ஒரு வேலைதான்.

வெட்டி ஒட்டுவதைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் தவிர, ‘இங்கே பொருள் எவ்வளவு மறைக்கிறது’ என்று கூறும் நான்காவது எண்ணைச் சேர்க்கும் எண்ணம் 1970களின் இறுதியில் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் ஆகியோருடையது. தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் அதற்கு முழுக் கணிதம் வகுத்தார்கள். 1990இல் வந்த ஃபோட்டோஷாப்பில் 1994இல், மூன்றாம் பதிப்பில்தான், இந்த எண்ணைக் கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர் வந்தது. இன்று இலவசமான கிம்ப் உட்பட எல்லா மென்பொருளிலும் இது உண்டு. பொம்மையின் விளிம்பில் உள்ள பிக்சல் பாதி பொம்மை, பாதி ஸ்கேனரின் பின்னணி. மூடியைத் திறந்து வைத்து இருட்டறையில் ஸ்கேன் செய்தால் பின்னணி கறுப்பாகும். அதை வெட்டி வெளிச்சமான வானத்தின்முன் வைத்தால் பொம்மையைச் சுற்றி ஒரு கருங்கோடு ஓடும். விளிம்பை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே தள்ளியும், உட்புற வண்ணத்தை விளிம்புக்கு இழுத்தும் இதைத் தீர்க்கலாம். விளிம்பு காட்டிக்கொடுப்பதற்கு இன்னொரு காரணம் நுட்பமானது. திரையில் உள்ள எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதமானவை அல்ல. கறுப்பையும் வெள்ளையையும் பாதிக்குப் பாதி ஒளியாகக் கலந்தால் 255க்கு 188 என்ற எண் வர வேண்டும். எண்களை அப்படியே சராசரி எடுக்கும் மென்பொருள் 128 என்று போடுகிறது, அதாவது தேவையைவிட இருட்டாக. சிவப்புச் சட்டை பச்சை இலையைச் சந்திக்கும் இடத்தில் அழுக்கு நிறம் தோன்றுவது இதனால்தான்.

இனி நிழல். ஸ்கேனரின் விளக்கு பொம்மைக்கு மிக அருகில், ஒரு கோடாக நகர்வதால், கண்ணாடியை ஒட்டிய மார்பு பிரகாசமாகவும் பின்வாங்கிய தோள் இருட்டாகவும் பதிகிறது. பளபளப்பான தலைக்கவசத்தில் ஒரு வெண்கோடு விழுகிறது. தெருவில் அப்படி ஒரு விளக்கு இல்லை. வெளிச்சத்தைத் திருத்த வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எதை முதலில் திருத்துவது என்பதில்தான் பொதுக் கருத்து தவறிவிடுகிறது. ஒளி வரும் திசையைச் சரியாக்குவதே முதல் வேலை என்று பாடநூல்கள் வலியுறுத்துகின்றன. இதற்கு எதிராக வலுவான சான்று இருக்கிறது. யூரி ஆஸ்ட்ரோவ்ஸ்கி, பேட்ரிக் கவானா, பவன் சின்ஹா ஆகியோர் 2005இல் காட்டியபடி, ஒரு படத்தில் சில பொருள்கள் இடப்பக்க ஒளியிலும் ஒன்று மட்டும் வலப்பக்க ஒளியிலும் இருந்தால் மக்கள் அதைக் கவனிப்பதில் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள். அப்படியானால் ஒளியைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லையே, கண்ணுக்குத்தான் தெரியவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

விடை வேறொரு சோதனையில் கிடைக்கிறது. டேனியல் கெர்ஸ்டன் குழுவினர் 1997இல் ஒரு பெட்டிக்குள் பந்து நகரும் அசைபடத்தைக் காட்டினார்கள். பந்தின் பாதை ஒன்றே, அதன் அளவும் மாறவில்லை. நிழலின் பாதையை மட்டும் மாற்றினார்கள். நிழல் பந்தோடு ஒட்டிச் சென்றபோது பந்து தரையில் உருண்டு பின்னால் போவதாகத் தெரிந்தது, நிழல் விலகியபோது அதே பந்து காற்றில் எழும்புவதாகத் தெரிந்தது. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதில் கண் அலட்சியமாக இருக்கிறது. பொருள் தரையைத் தொடுகிறதா என்பதில் மிகக் கறாராக இருக்கிறது. இதிலிருந்து வேலையின் வரிசை மாறுகிறது. காலணி தரையைத் தொடும் இடத்தில் விழும் கருங்கோடு முதலில் வர வேண்டும், அதிலிருந்து விலக விலக நிழல் மென்மையாக வேண்டும். எவ்வளவு மென்மை என்பதற்கும் கணக்கு உண்டு. வானில் சூரியனின் அகலம் அரை டிகிரிக்குச் சற்று மேல், ஆகவே நிழலின் புறநிழல் அது கடந்து வந்த தொலைவில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சூரியன் 45 டிகிரியில் நின்றால் ஆறடி ஆளின் தலை நிழல் இரண்டரை மீட்டர் கடந்து விழுகிறது, அதன் விளிம்பு 2 செ.மீ.க்கு மேல் மங்கும். பாத நிழலின் விளிம்பு கத்தி போலக் கூர்மையாக இருக்கும். மென்பொருளில் முழு நிழலுக்கும் ஒரே மங்கலைக் கொடுத்தால் ஆள் மிதக்கிறான். கூர்மையான நிழலையும் மங்கிய நிழலையும் இரண்டு லேயரில் வைத்து, பாதத்திலிருந்து தலைவரை ஒன்று மறைந்து மற்றது தோன்றும்படி மாஸ்க் போட்டால் அவன் நிற்கிறான். இதில் ஒரு நல்வாய்ப்பு: புறநிழல் கோணத்தைப் பொறுத்ததாகையால் அது பொம்மையோடு சேர்ந்தே சுருங்கும். வெயிலில் வைத்த பொம்மையின் நிழலும் ஆளின் நிழலும் விகிதத்தில் ஒன்றே. நிழலை வரையத் தெரியாதவர் மொட்டை மாடியில் மதிய வெயிலில் பொம்மையை நிறுத்தி, அந்த நிழலை மட்டும் படமெடுத்துப் பயன்படுத்தலாம்.

மங்கல் பொம்மையைக் காட்டிக்கொடுக்கும் என்ற வாதத்துக்கு ஒரு கடினமான எதிர்ச்சான்று உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் டேவிட் லெவிந்தால், கேரி ட்ரூடோவுடன் சேர்ந்து 1977இல் வெளியிட்ட ‘ஹிட்லர் மூவ்ஸ் ஈஸ்ட்’ நூலில் பொம்மை வீரர்களை வைத்துக் கிழக்குப் போர்முனையைக் காட்டினார். அந்தப் படங்களில் மங்கல் தாராளமாகவே உண்டு. ஆனாலும் அவை போர்க்களமாகவே மனத்தில் பதிகின்றன. மங்கல் சிறுமையின் அடையாளம் என்றால் இது எப்படி நடந்தது? எனக்குத் தோன்றும் விடை, கண் ஒரு சான்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வதில்லை என்பது. கறுப்பு வெள்ளை, மணல்மணலான ஃபிலிம், சாய்ந்த சட்டகம் எல்லாம் சேர்ந்து, ஓடுகிறவன் நடுங்கும் கையால் எடுத்த போர்ப்படம் என்ற வேறொரு விளக்கத்தை மங்கலுக்குத் தருகின்றன. 1944 நார்மண்டி கரையில் ராபர்ட் கப்பா எடுத்த படங்கள் அந்த விளக்கத்தை உலகுக்கு ஏற்கெனவே பழக்கியிருந்தன. பெர்க்லி ஆய்வும் இதற்கு முரண்படவில்லை. தொலைவைக் கூறும் பிற குறிப்புகளோடு சேரும்போதுதான் மங்கல் பேசுகிறது என்பதே அதன் கருத்தும். மங்கலை மறைக்கலாம், அல்லது அதற்கு நம்பத்தகுந்த வேறு காரணம் காட்டலாம். விளக்கமின்றி விட்டுவைப்பது மட்டும்தான் கூடாது.

ஆளைவிடப் பெரியதாகக் காட்ட வேண்டியபோது காற்று வேலைக்கு வருகிறது. 1980இல் பண்டாய் நிறுவனம் விற்கத் தொடங்கிய ‘குண்டம்’ ரோபோ மாதிரிகளில் 1/144 அளவு பரவலானது. கதைப்படி அந்த ரோபோ 18 மீட்டர், கையில் உள்ளதோ 12.5 செ.மீ. ஜெர்மன் அறிஞர் ஹரால்ட் கோஷ்மீடர் 1924இல் வகுத்த விதிப்படி, தொலைவு கூடக்கூடக் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு மடங்கு மடங்காகத் தேய்ந்து, எல்லாம் அடிவானத்தின் நிறத்தை நெருங்கும். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ரோபோவின் மிகக் கறுத்த மூட்டுகூட முழுக் கறுப்பாக இருக்க முடியாது. அதன் மிகக் கருமையான நிறத்தைத் தொடுவானத்தின் சாம்பல் நீலத்துக்குச் சற்றுத் தூக்கிவிட்டால் பொம்மை வளர்ந்துவிடும். அளவைக் காட்டச் சுற்றியுள்ள கட்டடங்களில் சன்னல் வரைவதைவிட இது பயனுள்ளது. நீருக்கு இத்தகைய மன்னிப்பு கிடையாது. பரப்பு இழுவிசை துளியின் பருமனைச் சில மி.மீ.யில் கட்டிவைத்திருக்கிறது. பொம்மையின் தோளில் ஒட்டிய 3 மி.மீ. துளி, ஆளின் தோளில் 5 செ.மீ. உருண்டையாகத் தெரியும். நீர், புகை, நெருப்பு, புழுதி ஆகியவற்றை உண்மை அளவில் எடுத்த படங்களிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, இன்றைய கைபேசி ஒரே பொருளைப் பல ஃபோகஸில் எடுத்து அடுக்கித் தருகிறதே என்பது அடுத்த கேள்வி. உருண்டு திரண்ட பொம்மைக்குக் கைபேசியே மேல் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஸ்கேனரில் ஒளி, தொலைவு, பெருக்கம் மூன்றும் மாறவே மாறாது. கை, கால், உடல், தலை என்று கழற்றித் தனித்தனியே வெவ்வேறு மாதங்களில் ஸ்கேன் செய்தாலும் அவை ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில் பொருந்தும். பொம்மையை நான்கு திசைகளில் திருப்பி எடுத்தால், விளக்கு நான்கு பக்கமிருந்து வந்ததற்குச் சமமான நான்கு படங்கள் கிடைக்கும். அவற்றைக் கலந்து விரும்பிய திசையின் வெளிச்சத்தை ஓரளவு உருவாக்கிக்கொள்ளலாம். ராபர்ட் உட்ஹாம் 1980இல் வகுத்த, பல ஒளிகளிலிருந்து மேற்பரப்பின் சாய்வைக் கணக்கிடும் முறைக்கு அடிப்படையும் இதுவே.

கடைசி மறுப்பு கொஞ்சம் பெரியது. பொம்மையைச் சுற்றிப் பல படங்கள் எடுத்தால் முப்பரிமாண மாதிரியே கிடைத்துவிடுகிறது, நிழலையும் வெளிச்சத்தையும் பிளெண்டர் போன்ற மென்பொருள் தானே கணக்கிட்டுவிடுகிறது. இரு பரிமாண லேயர்களில் இந்த விதிகளைக் கையால் எழுத வேண்டிய தேவை இனி எங்கே என்று கேட்கலாம். தேவை இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை. முப்பரிமாண மென்பொருளும் பொம்மையின் உயரம் என்ன, கேமராவின் துளை எவ்வளவு, தோலுக்குள் ஒளி எவ்வளவு தூரம் பரவும் என்று எண்களாகவே கேட்கிறது. முகத்தை மிகச் செம்மையாகச் செதுக்கிய ஒருவர், உயரத்தை 1.8 மீட்டர் என்று வைக்காமல் 0.1 மீட்டராக விட்டுவிட்டு, ஒளி பரவும் தூரத்தையும் துளையின் விட்டத்தையும் மனித அளவுகளிலேயே கொடுத்தால், முகத்தின் ஒரு புள்ளிகூட மாறாது. ஆனால் காதுமடல் உள்ளிருந்து மெழுகுபோல ஒளிரும், மூக்கு நுனி மட்டும் தெளிந்து பின்தலை மங்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் 1.8 என்று திருத்தினால் அதே முகம் ஆளாகிவிடும்.